திராட்சைப் பந்தலுக்கு வரும் விருந்தினர்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடும் உழவர்களுக்கு வியாபாரியும் வேலையாளும் பழக்கமானவர்கள். இப்போது மூன்றாவதாக ஒருவர் தோட்டத்துக்கு வருகிறார். அவர் ஊர் சுற்றிப் பார்க்க வருபவர். தேக்கடி, குமுளி செல்லும் குடும்பங்களும், சுருளி அருவியில் நீராட வருவோரும், சபரிமலைப் பருவத்தில் இவ்வழியே செல்லும் பக்தர்களும் சாலையோரத்துப் பந்தல்களில் இறங்குகின்றனர். பந்தலடியில் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர். கைக்கு எட்டிய கொத்தில் இரண்டு பழத்தைப் பறித்து வாயில் போட்டுக்கொள்கின்றனர். அண்மைக் காலத்தில் இரண்டு நாள் தங்கி, தோட்ட வேலையும் சிறிது பழகிச் செல்ல விரும்புவோரும் விசாரிக்கத் தொடங்கியுள்ளனர். இதனால் உழவருக்கு வருவாய் உண்டு, இடர்களும் உண்டு. வருவாயைப் பற்றிப் பேசுவோர் பலர். ஆகவே இடர்களைப் பற்றி இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

நம் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் என்னும் இரகத்தைச் சேர்ந்தது. 1832ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவரால் தமிழகத்துக்குக் கொண்டுவரப்பட்டதாகக் கூறுவர். 2023ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டின் பிற திராட்சைப் பகுதிகளில் ஆண்டின் முதல் சில மாதங்களில்தான் பழம் இருக்கும். சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, இராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ஓடைப்பட்டி போன்ற ஊர்களில் கவாத்து செய்யும் காலத்தை ஒவ்வொருவரும் மாற்றி அமைப்பதால், ஆண்டின் எந்த மாதத்திலும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும். விருந்தினர் இங்கு வருவதற்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

வேலையும் விடுமுறையும்

விடுமுறையில் சென்று தோட்டத்தில் வேலை செய்வது நமக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். மேல்நாடுகளில் இது வேரூன்றிவிட்ட வழக்கம். 1971ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், லண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ காப்பர்ட் என்ற பெண்மணி, நகரத்தார் வார இறுதியில் இயற்கைப் பண்ணைகளுக்குச் சென்று வேலை செய்ய ஓர் ஏற்பாட்டைத் தொடங்கினார். உழைப்புக்கு ஈடாக உணவும் படுக்கையும் தரப்பட்டன. 'வூஃப்' என்ற பெயரில் அது பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

ஆஸ்திரேலியாவில் 1975 முதல் இதற்கென்றே தனி விசா உண்டு. அந்நாட்டின் வடபகுதி நம்மைப் போன்ற வெப்ப மண்டலம். அதற்குத் தெற்கே பாலைவனம் பரந்து கிடக்கிறது. டார்வின் நகருக்கும் பாலைவன நடுவில் உள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்கும் இடையே சுமார் 1500 கி.மீ. தொலைவு. டார்வினுக்குத் தெற்கே 320 கி.மீ. அளவில் உள்ள காத்தரின் வட்டாரத்தில் ஆண்டின் கடைசி மாதங்களில் மாம்பழ அறுவடை நடைபெறும். மழைக்கு முந்திய புழுக்கத்தில், மாங்காய்ப் பால் தோலைப் புண்ணாக்காமலிருக்கக் கைநீளச் சட்டை அணிந்து, பல நாட்டு இளைஞர்கள் பழம் பறிக்கின்றனர். ஊரகப் பகுதியில் இவ்வாறு 88 நாள் வேலை செய்தால் மேலும் ஓராண்டு தங்க விண்ணப்பிக்கலாம் என்ற விதியே பலரை அங்கு அனுப்புகிறது. சேர்த்த பணத்தைக் கொண்டு அவர்கள் பாலைவனத்தையும் கடற்கரையையும் சுற்றிப் பார்க்கின்றனர்.

அங்கு எல்லாம் செம்மையாக நடந்துவிடவில்லை. பறித்த கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாள் முழுதும் பறித்தாலும் சாப்பாட்டுக்கே போதாத நிலை பல பண்ணைகளில் இருந்தது. 2022 ஏப்ரல் 28 முதல், கூடைக் கணக்கில் பறிப்போருக்கும் மணிக்குக் குறைந்தபட்சக் கூலி உறுதி செய்யப்பட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அதைவிடக் கொடியது 2000 ஜூன் 23 அன்று குயின்ஸ்லாந்தில் சில்டர்ஸ் என்னும் ஊரில் நடந்தது. பழம் பறிக்க வந்த இளைஞர்கள் தங்கியிருந்த விடுதியில் தீப்பிடித்து 15 பேர் மாண்டனர். தீ எச்சரிக்கை மணி இயங்கவில்லை. ஓர் அறையில் சன்னலுக்குக் கம்பி இருந்தது. தோட்டத்து மோட்டார் அறையையோ சரக்கு அறையையோ வெள்ளையடித்து விருந்தினர் அறையாக்க எண்ணுவோர் இதை மனத்தில் கொள்ள வேண்டும். வெளியேற இரண்டு வழிகள் இல்லாத அறையில் எவரையும் தூங்க வைக்கலாகாது. மருந்துப் புட்டிகள், டீசல், பழைய சாக்கு ஆகியன இருக்கும் கட்டடத்தில் படுக்கை போடவே கூடாது.

மருந்து அடித்த பந்தல்

நம் தோட்டத்தில் முதல் இடர் மருந்துதான். அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், பறவைக்கண் நோய் ஆகியவற்றுக்காகக் கவாத்து செய்தது முதல் பழம் நிறம் மாறும் வரை பலமுறை மருந்து அடிக்கிறோம். மழைக்காலத்தில் இது இன்னும் கூடும். மருந்துப் புட்டியின் சீட்டில் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். வியாபாரிக்குப் பழம் வெட்டும்போது உழவர் இந்நாட்களைக் கணக்கிடுவார். ஆனால் விருந்தினருக்கு அறுவடை நாள் என்று ஒன்று இல்லை. அவர் உள்ளே வரும் நாளே அறுவடை நாள். கழுவாமலே தின்கிறார், அதுவும் பெரும்பாலும் குழந்தைகளே முதலில் தின்கின்றன. கழுவினாலும் பழத்தின் மேலுள்ள மருந்துதான் ஓரளவு போகும். செடிக்குள் ஊடுருவும் மருந்தின் எஞ்சிய பகுதி தண்ணீருக்கோ உப்பு நீருக்கோ போகாது.

சீட்டில் உள்ள முக்கோணத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, மஞ்சள் அதற்கு அடுத்தது, பின் நீலம், கடைசியில் பச்சை. பச்சை என்றால் தீங்கே இல்லை என்று பொருள் கொள்ளலாகாது. மருந்து அடித்த பந்தலுக்குள் அது நன்கு காய்ந்த பின்னரே எவரும் நுழையலாம். விருந்தினரைப் பொறுத்தவரை ஒரு முழு நாளாவது அந்தப் பகுதியை அடைத்து வைப்பது நலம். சீட்டில் அதைவிடக் கூடுதலான காலம் குறித்திருந்தால் அதையே பின்பற்ற வேண்டும். கந்தகத் தூள் கண்ணை உறுத்தும் என்பது அடித்தவருக்குத் தெரியும். பந்தலை அண்ணாந்து பார்க்கும் குழந்தைக்குத் தெரியாது.

மொட்டு விரைவில் வெடிப்பதற்காகக் கவாத்துக்குப் பின் கொடியில் தடவும் ஹைட்ரஜன் சயனமைடு பற்றித் தனியே எச்சரிக்க வேண்டியுள்ளது. அது தோலைப் புண்ணாக்கும். அதோடு, அது உடலில் பட்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, மூச்சுத் திணறி, நெஞ்சு படபடக்கும். விடுமுறைக்கு வருவோரில் மாலையில் மது அருந்துவோர் இருப்பர். ஆகவே தடவிய பகுதிக்குள் அவர்களை விடவே வேண்டாம். தடவும் வேலையாட்களுக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும்.

ஒரு பந்தல், பல கவாத்து

எப்போதும் பழம் காட்ட வேண்டும் என்பதற்காகச் சிலர் தோட்டத்தை மூன்று, நான்கு பகுதிகளாகப் பிரித்து, மாதம் ஒன்றாகக் கவாத்து செய்ய நினைக்கின்றனர். யோசனை நல்லதே. ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. பழுத்த பகுதியில் மருந்து அடிக்கக் கூடாத அதே வாரத்தில், பக்கத்துப் பகுதியில் துளிர் விட்டிருக்கும். துளிருக்குத்தான் அடிச்சாம்பல் நோய் எளிதில் பற்றும். பழைய பகுதியின் முதிர்ந்த இலைகளில் தங்கிய நோய் அங்கிருந்தே துளிருக்குப் பரவும். துளிரைக் காக்க மருந்து அடித்தால் காற்றில் அது பழத்தின் மேல் படியும். ஒரு ஏக்கருக்குக் குறைவாக உள்ளவர் இம்முறையை மேற்கொள்ளாமலிருப்பதே நல்லது என்பது எமது கருத்து. பக்கத்துத் தோட்டத்தாருடன் பேசி, அவர் தோட்டத்தில் பழம் இருக்கும்போது வருவோரை அங்கு அனுப்பி, நம் தோட்டத்தில் இருக்கும்போது இங்கு வரவழைத்துக்கொள்ளலாம். கூடுதல் நிலம் உடையவர் பகுதிகளுக்கு இடையே சில வரிசை தென்னையோ உயர்ந்த வேலியோ விட்டு, காற்று அசையாத அதிகாலையில் மருந்து அடித்து, அன்று முழுவதும் வாயிலைச் சாத்திவிட வேண்டும்.

நீர் பாய்ச்சிய மறுநாள் பத்துப் பேர் நடந்தாலே பாத்தி மண் இறுகிவிடும். எனவே நடைபாதை ஒன்றை ஒதுக்கி, கயிறு கட்டி விடுதல் போதும். பழத்தின் மேல் மாவு போன்ற இயற்கைப் பூச்சு உண்டல்லவா? கைபட்டால் அது அழிந்து பழம் பழசு போலத் தோன்றும். வியாபாரி விலையைக் குறைப்பார். நடைபாதையை ஒட்டிய இரண்டு வரிசையை விருந்தினருக்கே விட்டு, மற்றதைச் சந்தைக்கு வைத்துக்கொள்வது சிக்கனமான வழி. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்துத் திராட்சைத் தோட்டங்களில், வேரைத் தாக்கும் ஃபில்லாக்சரா பூச்சி காலணி வழியே வந்துவிடும் என்று அஞ்சி, வருவோரைக் கொடி வரிசைகளுக்குள் விடுவதில்லை. நம் பகுதியில் மாவுப்பூச்சியும் உடையிலும் கூடையிலும் ஒட்டிக்கொண்டு தோட்டம் விட்டுத் தோட்டம் செல்லக்கூடியதே.

என்ன வேலை தரலாம்?

தங்கி வேலை பழக வருவோருக்குக் கத்தரிக்கோலால் கொத்து அறுத்தல், அழுகிய பழம் நீக்கல், பெட்டியில் அடுக்குதல், களையெடுத்தல், எருக்குழி வேலை ஆகியவற்றைத் தரலாம். கவாத்து தரக் கூடாது. பன்னீர் திராட்சையில் 4 முதல் 5 கணு விட்டு வெட்டுகிறோம். அனுபவம் இல்லாதவர் ஒரு நாளில் வெட்டியதன் பலனை நான்கு மாதம் பார்க்க நேரிடும். மருந்து தெளிப்பும் மோட்டாரும் கிணற்றுப் பக்கமும் அவர்களுக்கு வேண்டவே வேண்டாம். சுற்றுச்சுவர் இல்லாத கிணறு தோட்டத்தில் இருந்தால், அதற்கு வேலி போட்ட பிறகே விருந்தினரை அழைக்க வேண்டும். விருந்தினர் வருவதைக் காரணமாக வைத்து, வழக்கமாக வரும் பெண்களின் கூலி நாளைக் குறைப்பது முறையன்று. அறுவடை அவசரத்தில் கைகொடுப்பவர்கள் அவர்களே.

வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணைய வழியில் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. சுற்றுலா விசாவில் வந்தவர் கூலிக்கு வேலை செய்யக் கூடாது. சாப்பாடும் தங்கலும்கூட ஈடாகக் கருதப்படலாம் என்பதால், அவரிடம் தங்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு தோட்டத்தைக் காட்டுவதே பாதுகாப்பானது. சாறு, ஜாம் விற்பவர் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற வேண்டும். வீட்டில் செய்த ஒயினை உரிமம் இன்றி விற்பது குற்றம்.

மலைக்குச் செல்ல விரும்புவோர்

தங்கியவர் மறுநாள் மலை ஏற வேண்டும் என்பார். ஊர்ப் பையன் ஒருவனை வழிகாட்ட அனுப்பிவிடுவது எளிது. ஆனால் 2018 மார்ச் 11 அன்று போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20க்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. காய்ந்த புல் சூழ்ந்த சரிவில் தீ மேல்நோக்கி மனிதன் ஓடுவதைவிட விரைவாக ஏறும். அதன்பின் மலையேற்றத்துக்குத் தமிழக அரசு விதிகள் வகுத்தது. 2024ஆம் ஆண்டில் வனத்துறை மாநிலம் முழுவதும் 40 பாதைகளை முறைப்படுத்தி, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கு அனுமதியின்றி நுழைவது குற்றமாகும். விருந்தினருக்கு முன்பதிவு செய்ய உதவலாம். தாமாக அழைத்துச் செல்லலாகாது.

நம் பிள்ளைகளும் செல்லலாம்

மேலே சொன்ன ஆஸ்திரேலிய விசா 2024 செப்டம்பர் முதல் இந்தியருக்கும் திறக்கப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த வணிக உடன்பாட்டின்படி, ஆண்டுக்கு 1000 இடங்கள். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்குப் பின் இரண்டு ஆண்டாவது படித்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். தொடக்கச் செலவுக்குச் சுமார் 5000 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பும், திரும்பி வரும் பயணச் செலவும் காட்ட வேண்டும். விண்ணப்பிப்போர் மிகப் பலர் என்பதால் முதலில் பெயரைப் பதிவு செய்து குலுக்கலில் தேர்வு செய்கின்றனர். முதல் ஆண்டில் பதிவுக் கட்டணம் 25 டாலராக இருந்தது. இது ஓராண்டுக்கான ஏற்பாடே தவிர, குடியேற்றம் அன்று.

பந்தலில் பழம் பறித்துப் பழகிய பிள்ளைக்கு அங்குள்ள வேலை புதிதாக இராது. தொலைவும் தனிமையும்தான் புதிது. மழைக்காலத்தில் வடபகுதியில் சாலைகள் நீரில் மூழ்கும். ஆறுகளில் முதலை உண்டு. அடுத்த ஊர் நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். இலட்சக்கணக்கில் பணம் கொடுத்தால் இடம் உறுதி என்று கூறும் தரகர்கள் நம் ஊர்களுக்கும் வரக்கூடும். குலுக்கலை ஆஸ்திரேலிய அரசே நடத்துகிறது. பதிவை அந்நாட்டு உள்துறையின் இணையதளத்தில் கடவுச்சீட்டைக் கொண்டு விண்ணப்பதாரர் தாமே செய்துகொள்ளலாம். தோட்டத்தை அடமானம் வைக்கும் முன் அந்த இணையதளத்தில் அவ்வாண்டின் கட்டணத்தையும் பதிவு நாட்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.