கட்டியை அழிப்பதும் வளர்ப்பதும் ஒரே புரதம்

காயம்பட்ட இடம் சிவந்து, வீங்கி, சூடேறி, நோவு கொள்வதை அழற்சி என்கிறோம். கிருமிகளை ஒழிக்கவும் சிதைந்த திசுவைப் புதுப்பிக்கவும் உடல் மேற்கொள்ளும் ஏற்பாடே அது. வேலை முடிந்ததும் தணிந்துவிட வேண்டியதுமாகும். தணியாது நீடிக்கும் அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டென்று 1863-ஆம் ஆண்டிலேயே ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் விர்ஹோ கருதினார். கட்டிகளினுள் இரத்த வெள்ளணுக்கள் காணப்பட்டதே அவர் கருத்துக்கு ஆதாரம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. காஷ்மீரத்தில் குளிர்காலத்தில் 'காங்கிரி' என்னும் கனல் சட்டியை மேலங்கிக்குள் வைத்துக்கொள்வது வழக்கம். அதன் சூடு ஆண்டுதோறும் படும் வயிற்றுப் புறத்திலும் தொடையின் உட்புறத்திலும் தோலில் புற்று தோன்றுவதை எல்ம்ஸ்லி என்ற மருத்துவர் 1866-இல் எழுதி வைத்தார்.

இத் தொடர்பை உண்டாக்குவது யாது என்னும் வினாவுக்கு விடை எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. நியூயார்க் நகரின் ரண சிகிச்சை நிபுணர் வில்லியம் கோலி, 1891 முதல், புற்றுநோயாளிகளுக்குப் பாக்டீரியாக்களை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார். கடுங்காய்ச்சல் கண்ட நோயாளிகளிற் சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குப் பயனில்லை. காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1975-இல் அதே நகரில் லாயிட் ஓல்டும் அவருடைய சகாக்களும் சுண்டெலிகளுக்கு, காசநோய்த் தடுப்புக்குப் பயன்படும் பி. சி. ஜி.யையும் பின்னர்ப் பாக்டீரியா நச்சையும் செலுத்தி, அவற்றின் இரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தைக் கட்டியுள்ள வேறு எலிகளுக்கு அளித்தனர். கட்டிகள் உள்ளே அழுகி நசிந்தன. ஆகவே அச் சீரத்திலுள்ள பொருளுக்கு 'டியூமர் நெக்ரோஸிஸ் பாக்டர்', அதாவது கட்டி நசிவுக் காரணி, எனப் பெயரிட்டனர். டி. என். எப். என்பது அதன் சுருக்கம். விழுங்கணுக்கள் முதலிய வெள்ளணுக்கள் அழற்சியின்போது சுரக்கும் புரதம் அது.

பெயர் அளித்த நம்பிக்கை நிலைக்கவில்லை. நாட்பட்ட நோயில் உடல் மெலிந்து தேய்வதற்குக் காரணமான பொருளைத் தேடிய செராமி, பாய்ட்லர் ஆகியோர், தாங்கள் பிரித்தெடுத்த பொருளும் டி. என். எப்.பும் ஒன்றே என்று 1985-இல் கண்டனர். நோயாளிகளுக்கு இரத்தத்தின் வழியே செலுத்தியபோதோ, கட்டியை அழிக்கப் போதுமான அளவை எட்டுமுன் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு வீழ்ந்தது. கை அல்லது காலின் இரத்த ஓட்டத்தை மற்ற உடலினின்று பிரித்து, அவ்வுறுப்பில் மட்டும் மிகுந்த அளவிற் செலுத்தும் முறை ஒன்றே ஐரோப்பாவில் நிலைபெற்றது.

இன்னும் வியப்பானது 1999-இல் வெளிவந்தது. டி. என். எப். அறவே இல்லாதவாறு பிறப்பிக்கப்பட்ட சுண்டெலிகளின் தோலில், புற்றை உண்டாக்கும் இரசாயனங்களை லண்டனைச் சேர்ந்த பிரான்ஸஸ் பால்க்வில் முதலானோர் தடவினர். கட்டியை அழிக்கும் புரதம் இல்லாத எலிகளிற் கட்டிகள் பெருக வேண்டுமன்றோ? மாறாக, சாதாரண எலிகளைவிட மிகக் குறைவாகவே தோன்றின.

இம் முரண்பாட்டை விளக்குவது உயிரணுவின் உள்ளமைப்பு. டி. என். எப். உயிரணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியிற் பொருந்தியதும் உள்ளே இருவகைச் செய்திகள் கிளம்பக்கூடும். ஒன்று, உயிரணுவை மடியச் செய்வது. மற்றொன்று, ரஞ்சன் சென், டேவிட் பால்ட்டிமோர் ஆகியோர் 1986-இல் கண்டறிந்த 'என். எப். கப்பா பி' என்னும் புரதத்தை விடுவிப்பது. சாதாரண நிலையில் இதனை வேறொரு புரதம் பிடித்து வைத்திருக்கும். செய்தி வந்ததும் அக் காவற்புரதம் சிதைக்கப்பட, இது உட்கருவுக்குள் நுழைந்து, உயிரணுவைப் பிழைத்திருக்கச் செய்யும் மரபணுக்களையும் மேலும் அழற்சியைத் தூண்டும் மரபணுக்களையும் இயக்குகிறது. பழுதுற்ற உயிரணு மடிவதே முறை. இங்கோ அது காப்பாற்றப்படுகிறது. பெரும் அளவில் ஓரிடத்தில் திடீரெனச் சேர்ந்தால் கட்டியின் இரத்தக் குழாய்களைச் சிதைக்கும் அதே பொருள், சிறிய அளவில் நெடுநாள் சுரந்தால் கட்டிக்குத் துணையாகிறது.

எப்பொழுது தடுப்பது என்பதும் முக்கியமானதே. கல்லீரலில் நாட்பட்ட அழற்சியும் பின்னர்ப் புற்றும் காணும் ஒருவகைச் சுண்டெலிகளை ஆராய்ந்த இஸ்ரேலிய விஞ்ஞானிகள் 2004-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறந்தது முதல் ஏழு மாதம் வரை கல்லீரல் உயிரணுக்களில் என். எப். கப்பா பி-யை அடக்கியும் ஆரம்ப மாற்றங்கள் நிற்கவில்லை. பிந்திய கட்டத்தில் அதனையோ டி. என். எப்.பையோ தடுத்தபோது, மாறுபட்ட உயிரணுக்கள் மடிந்தன, புற்று முற்றவில்லை. அழற்சி தீப்பொறியாக அன்றி, பற்றிய தீக்கு விறகாகப் பயன்படுகிறது என்று இதனைக் கொள்ளலாம்.

அவ்வாறாயின் டி. என். எப்.பைத் தடுக்கும் மருந்தைப் புற்றுநோயாளிகள் அனைவருக்கும் அளித்தாலென்ன என ஆசிரியர்களிடம் மாணவர் கேட்கக்கூடும். அத்தகைய மருந்துகள் மூட்டு அழற்சிக்கும் குடல் அழற்சிக்கும் 1998 முதல் வழங்கி வருகின்றன; புற்றுநோய்க்கு அவை நிலைபெற்ற சிகிச்சையாகவில்லை. எலிகளிற் கண்டது மனிதரிடம் அப்படியே நிகழும் என்பதில்லை. மேலும், நுரையீரலில் உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி வெள்ளணுக்கள் அமைக்கும் அரணைக் குலையாது காப்பதும் இதே புரதமே. அதனைத் தடுத்தவர்களிற் சிலருக்கு அடங்கியிருந்த காசநோய் கிளர்ந்தெழுந்ததை 2001-இல் வெளியான அறிக்கை காட்டியது. காசநோய்க் கிருமியைத் தம்மை அறியாமலே தாங்கி நிற்போர் கோடிக்கணக்கில் உள்ள நம் நாட்டில் இது சிறிய செய்தியன்று. அம் மருந்தைத் தொடங்குமுன் மறைந்திருக்கும் காசநோய் உண்டா எனச் சோதிப்பது இதனாலேயே வழக்கமாயிற்று.