அம்மாவின் சவரும் ஒரு லேட்டன்சி பிரச்சினையும்

போன எபிசோடில் லேட்டன்சியைப் பற்றி ஒரு மணித்தியாலம் கதைச்சுத் தள்ளினோம். அடுத்த சனிக்கிழமை வின்டர்தூரில் அம்மா வீட்டுக்குப் போனால், அதே சாமான் அவவின்ர குளியலறையில் இருக்குது.

துவாயோட உள்ளே போகேக்க அம்மா சொன்னா: "தம்பி, முதல் கையை வச்சுப் பார். சுடும், பிறகு குளிரும், பிறகு திரும்பச் சுடும். நான் இப்ப வாளியிலதான் பிடிச்சுக் குளிக்கிறனான்."

எப்ப தொடக்கம்?

"நத்தாருக்கு முந்தி."

இது வைகாசி மாசம். ஏன் சொல்லேல்லை எண்டு கேட்டால், "உனக்கு வேலை. அவங்களுக்குக் கடிதம் எழுதினா வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவாங்கள்." பன்னிரண்டு வயசில அம்மா அப்பாவுக்காக ஃபெர்வால்துங்குக்கு ஜெர்மன் கடிதம் எழுதின ஆட்கள் உங்களில் கனபேர் இருப்பீங்கள். இந்தப் பயம் உங்களுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிஞ்சது லொக் எடுக்கிறது மட்டும்தான். சமையலறைத் தெர்மோமீட்டர், போன் ஸ்டொப்வொட்ச். மிக்சரை 38 பாகையில் வச்சு, பத்து வினாடிக்கு ஒருக்கால் குறிச்சன்: 38, 41, 45, 37, 31, 36, 43. சும்மா கூடிக் குறையேல்லை, அலைமாதிரி ஏறி இறங்குது.

முதல் சந்தேகம் பொய்லரில். அம்மா வீட்டில் தனி மின்சார பொய்லர். சுவிஸில் இப்படியான பொய்லர்கள் கனக்க இரவில்தான் சூடாகும். மின்கம்பியிலேயே ஒரு சிக்னல் அனுப்பி, மலிவான நேரத்தில் மின்சார நிறுவனம் அவற்றைப் போடும். இணையம் வர முந்தியே இருந்த ஐஓடி எண்டு வச்சுக்கொள்ளுங்கோ. ஆனால் பொய்லரில் சுடுதண்ணி முடிஞ்சால் தண்ணி ஒரே திசையில் ஆறிக்கொண்டுதான் போகும். திரும்பச் சுடாது. சமையலறைக் குழாயில் சுடுதண்ணியை மட்டும் ஐந்து நிமிஷம் ஓடவிட்டன்: 57, 57, 57. பொய்லர் அப்பாவி. கை கழுவுற பேசினிலும் சூடு அசையேல்லை. மிஞ்சினது சவரின் தெர்மோஸ்டாட் மிக்சர்.

அதுக்குள்ளே ஒரு சின்ன மெழுகுக் குப்பி இருக்கும். கலந்த தண்ணி சூடானால் மெழுகு விரிஞ்சு பிஸ்டனைத் தள்ளி, சுடுதண்ணி வாசலைச் சாத்தும். ஆறினால் சுருங்கித் திறக்கும். மின்சாரமே இல்லாத ஃபீட்பேக் லூப். வின்டர்தூர்த் தண்ணி தொஸ் பள்ளத்தாக்கின் நிலத்தடித் தண்ணி, சுண்ணாம்பு கூட. சூடாக்கினால் அந்தக் கால்க் படியும். படிஞ்சால் பிஸ்டன் இறுகும். மெழுகு தள்ளத் தள்ள அசையாமல் நிண்டு, திடீரெண்டு பாயும், தேவைக்கு மிஞ்சிப் போயிடும். பிறகு மற்றப் பக்கம் அதே கதை. அம்மாவும் சும்மா நிக்காமல் பிடியை இஞ்சாலையும் அங்காலையும் திருப்புவா, அதின் பலன் வர முந்தி இன்னொருக்கால் திருப்புவா. தாமதமுள்ள லூப்பில் ரெண்டு கொன்ட்ரோலர், ரெண்டும் சண்டை.

பொய்லரைக் குறைச்சு வச்சால் சுடாதுதானே எண்டு யோசிக்காதேங்கோ. லெஜியோனெல்லா பக்டீரியா 25 தொடக்கம் 45 பாகை வரைக்கும் நல்லாப் பெருகும். 60 வரைக்கும் சூடாக்கிறது அதுக்காகத்தான். அதே 60 பாகைத் தண்ணி வயசான தோலைச் சில வினாடியில் அவிச்சுப்போடும். அதனால் நடுவில் நிக்கிற மிக்சர் ஒழுங்காய் வேலை செய்யவேணும். பொய்லர் மூடியையும் கழட்டாதேங்கோ, அது எலக்ட்ரிஷியன்ர வேலை.

லண்டனில் சொந்தக்காரர் உள்ளவைக்கு ஒரு வார்த்தை. அங்கத்தை எலக்ட்ரிக் சவரில் பொய்லரே இல்லை, ஓடுற தண்ணியை அந்த நேரமே சூடாக்கும். 9.5 கிலோவொட் சவரில் நிமிஷத்துக்கு 4 லீற்றர் ஓடினால் தண்ணி 34 பாகை ஏறும். மாரியில் 5 பாகையில் வாற தண்ணி 39 ஆகும், சொர்க்கம். ஆரும் ரொய்லெட் ஃபிளஷ் பண்ணி ஓட்டம் 3 லீற்றருக்கு விழுந்தால் அதே தண்ணி 50. பாதுகாப்பு சுவிட்ச் ஹீட்டரை நிப்பாட்டும், உடனே ஐஸ் தண்ணி. அங்கே முதல் பார்க்கவேண்டியது சவர்த்தலை கால்க்கால் அடைபட்டிருக்கோ எண்டதுதான்.

நானும் சவர்த்தலையையும் ஹோசையும் கழட்டி ஒரு இரவு வினாகிரியில் ஊறப்போட்டன். அலை கொஞ்சம் சிறுத்தது, நிக்கேல்லை. இந்த அளவு துப்பரவு வாடகைக்காரர் பொறுப்பு. ஒப்லிகாசியோனன்ரெஹ்ட் 259ஆம் பிரிவு அதைத்தான் சொல்லுது. மிக்சரின் உள்பாகம் மாத்துறது தொழிலாளி வந்து செய்யிற வேலை, அது வீட்டுக்காரர் கணக்கு. அம்மாவுக்கு நான் வாசிச்சுக் காட்டினது 257g. தான் திருத்தவேண்டாத பழுதை வாடகைக்காரர் அறிவிக்கவேணும், அறிவிக்காமல் சேதம் வந்தால் அவரே பொறுப்பு.

"அப்ப சொல்லாமல் இருந்ததுதான் பிழையோ?" அம்மா கண்ணாடியைக் கழட்டிப்போட்டுக் கேட்டா.

கடிதத்தில் அந்த ஏழு இலக்கத்தையும் அப்பிடியே போட்டன். "தண்ணி சரியில்லை" எண்டு எழுதினால் கிடப்பில் கிடக்கும். லொக்கைப் பார்த்தால் என்ன சாமான் கொண்டுபோகவேணும் எண்டு பிளம்பருக்கே விளங்கும். பத்து நாளில் ஒருத்தர் வந்தார், கார்ட்ரிஜை மாத்தினார், அரை மணித்தியாலம்கூட ஆகேல்லை. அம்மா அவருக்குத் தேத்தண்ணியும் ரோல்ஸும் குடுத்திருக்கிறா. பில் வரேல்லை, எழும்பவும் சொல்லேல்லை.

போன ஞாயிறு திரும்ப அளந்தன்: 38, 38, 37, 38. நான் தெர்மோமீட்டரைத் துடைக்கேக்க அம்மா மெதுவாய்ச் சொன்னா, படுக்கையறை யன்னல் ரெண்டு வருஷமாய்ச் சரியாய்ப் பூட்டுப்படுறேல்லையாம். அந்தக் கடிதம் இண்டைக்குப் பின்னேரம் எழுதவேணும்.