மணிக்கு ஏழு ரூபாய் தேறாத வேலை

காரமடையை அடுத்த சிறுமுகை பட்டுச்சேலைக்குப் பேர்போன ஊர். கணவர் தறியில் உட்கார்ந்தால் ஊடை நூலைத் தார் சுற்றிக் கொடுப்பதும், நடுவே சோறாக்கிப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவதும் பெரும்பாலும் மனைவி பொறுப்பு. கூலியோ சேலைக் கணக்கில் நெய்தவர் கைக்கு வருகிறது. தார் சுற்றியதற்கு அதில் எவ்வளவு என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. சோறாக்கியதைக் கேட்கவே வேண்டாம்.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள்; ஆண்கள் 88 நிமிடம். அந்த ஆண்களும் நாலில் ஒருவர்தான். மற்றவர்கள் அடுப்படிப் பக்கமே வருவதில்லை!

இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று 2020 டிசம்பரில் கமல்ஹாசன் தேர்தல் வாக்குறுதி அறிவித்தார். பின்னர் ஆட்சிக்கு வந்த திமுக, 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையைத் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு. 289 நிமிடத்துக்கு வகுத்தால் மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறாது. ஆனாலும் சொந்த வங்கிக் கணக்கில் விழுகிற பணம். கைச்செலவுக்கு யாரிடமும் கேட்டு நிற்க வேண்டியதில்லை.

அதைக் கூலி என்று சொல்ல முடியாது. பத்து ஏக்கர் புஞ்சைக்கு மேல் இருக்கும் குடும்பத்துக்குத் தொகை கிடையாது. அந்தத் தோட்டத்து அம்மாவும் விடியுமுன் எழுந்து பால் கறந்து, சாணி அள்ளித்தான் சமையலுக்கு வருகிறார்.

நீதிமன்றங்கள் வீட்டுவேலைக்கு விலை போட்டது பெரும்பாலும் அதைச் செய்தவர் இறந்த பிறகுதான். 1989 ஜாம்ஷெட்பூர் தீ விபத்தில் இறந்த இல்லத்தரசிகளின் உழைப்பை உச்ச நீதிமன்றம் 2001-இல் மாதம் 3,000 ரூபாய் என மதிப்பிட்டது.

உயிரோடு இருப்பவருக்குப் பயன்படுவது, 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு. நெய்வேலிக் குடும்பம் ஒன்றில் கணவர் சவூதியில் சம்பாதித்து அனுப்பினார். மனைவி ஊரில் பிள்ளைகளை வளர்த்துச் சிக்கனமாகக் குடும்பம் நடத்தினார். அப்படிச் சேர்ந்த சொத்தில் அவருக்கும் சம பங்கு உண்டு என்றது தீர்ப்பு. மாதத் தொகையைவிட இந்த வழியே கனமானது. சிக்கல் என்னவென்றால், பங்கு வேண்டுமானால் வழக்காட வேண்டும். வருஷக் கணக்கில் இழுக்கும்.

பத்திரத்திலேயே பெயர் ஏறிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை. பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிந்தால், 2025 ஏப்ரல் முதல் தமிழக அரசு பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைத்திருக்கிறது.