தண்டவாளத்தின் நோயைச் சொல்லும் ஒலி

இரும்புக்கும் களைப்பு உண்டு. ஒரே முயற்சியில் ஒடிக்க முடியாத கம்பியை முன்னும் பின்னும் பல தடவை வளைத்தால் பட்டென்று முறிந்துவிடும். தண்டவாளத்துக்கும் இதே கதிதான். ஒவ்வொரு சக்கரம் ஏறி இறங்கும்போதும் எஃகு இம்மியளவு வளைந்து நிமிர்கிறது. இப்படி வருஷக்கணக்கில் நடக்க, கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று உள்ளே பிறந்து வளர்கிறது.

1998 நவம்பர் 26 அதிகாலையில், பஞ்சாபில் கன்னா அருகே தண்டவாளம் முறிந்து, பிரண்டியர் மெயிலின் பெட்டிகள் தடம் புரண்டன. பக்கத்துப் பாதையில் வந்த ஜம்மு தாவி–சியால்டா எக்ஸ்பிரஸ் அவற்றின் மீது மோதியது. 200 பேருக்கு மேல் மாண்டனர். 2000 அக்டோபரில் இங்கிலாந்தில் ஹாட்பீல்டு என்ற இடத்தில் 4 பேர் உயிரிழந்ததற்கும் களைத்துப்போன தண்டவாளமே காரணம்.

குளிர்காலத்தில் அபாயம் அதிகம். நீளமாகப் பற்றவைத்த தண்டவாளம் குளிரில் சுருங்கப் பார்க்கும். சுருங்க இடமில்லாமல் விறைத்து நிற்கும். கீறல் இருந்தால் அங்கேதான் பிளக்கும். வடநாட்டில் குளிர்கால இரவுகளில் தொழிலாளர்கள் விளக்கேந்திப் பாதையில் ரோந்து நடப்பது இதற்காகத்தான்.

இப்போதைய சோதனை

செவிக்கெட்டாத ஒலியை அனுப்பும் கருவியைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்டவாளத்தின் மேல் உருட்டிச் செல்கிறார்கள். கருவி நிற்கும் இடத்துக்குக் கீழே மட்டும்தான் அதற்குத் தெரியும். ஒரு சோதனைக்கும் அடுத்த சோதனைக்கும் நடுவே கீறல் வளர்ந்துவிடலாம். சிக்னலுக்காகத் தண்டவாளத்தில் ஓடும் மின்சாரமும், பாதி கீறிய இடத்தைத் தடையின்றிக் கடந்துவிடும்.

தண்டவாளமே குழாய்

புதிய முறையில் தண்டவாளத்தையே ஒலிக்குழாயாக ஆக்கிவிடுகிறார்கள். விநாடிக்குப் பல்லாயிரம் தடவை அதிரும் ஒலியை ஓரிடத்தில் செலுத்தினால், அது எஃகின் ஓரங்களில் மோதி மோதி, வெளியே சிதறாமல் நெடுந்தூரம் ஓடுகிறது. அடுத்த நிலையத்துக் கருவி அதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். ஒலி வராவிட்டால் தண்டவாளம் முறிந்திருக்கலாம் என்று எச்சரிக்கை போகும். தென்னாப்பிரிக்காவில் இரும்புத் தாது ஏற்றிச் செல்லும் 861 கிலோமீட்டர் நீளமுள்ள சிஷன்–சல்டானா பாதையில் இம்முறை அமைக்கப்பட்டது.

முறிந்த பிறகு அறிவது பாதி வெற்றிதான். முறியுமுன் அறிய வேண்டும். கீறலில் பட்டு ஒலி எதிரொலிக்கிறது. ஆனால் பற்றவைத்த இணைப்புகளும் எதிரொலிக்கும். வெயிலும் குளிரும் ஒலியின் வேகத்தை மாற்றும். ஆகவே டாக்டர் பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுபோல், நாள்தோறும் எதிரொலியைப் பதிவு செய்து ஒப்பிடுகிறார்கள். இணைப்பின் எதிரொலி பெரும்பாலும் அப்படியே இருக்கும். கீறலின் எதிரொலி வரவர வளரும்.

கருவி சொல்வது இடத்தை மட்டுமே. அங்கே ஓடிச் சென்று சிவப்பு விளக்குக் காட்டி வண்டியை நிறுத்துவதும், முறிவில் இணைப்புத் தகடு பூட்டுவதும் கீமேனும் காங்மேனும்தான். முன்கூட்டியே சேதி கிடைத்தால், அவர்கள் ரயிலுக்கு முன்னே போய்ச் சேரலாம்.