காட்டுப்பூ

காட்டுப்பூ என்பது யாரும் விதைக்காமல், நீர் பாய்ச்சாமல், தரிசிலும் வரப்பிலும் கண்மாய்க் கரையிலும் தானே மலரும் பூவைக் குறிக்கும். சப்பானிய மொழியில் இது 'நோ நோ ஹனா' எனப்படும். வெளியில் பூத்த பூ என்பது பொருள். 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட 'மன்யோசு' நூலில் யமனோவே நோ ஒகுரா என்னும் கவிஞர் இலையுதிர் காலத்துக்குரிய ஏழு செடிகளைப் பட்டியலிட்டுள்ளார்.

தமிழ் மரபு

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் உள்ளன. இரு படைகள் நேர்நின்று பொரும் போருக்குத் தும்பை என்னும் சிறு வெண்பூவே பெயராயிற்று. மடலேறும் காதலன் ஆவிரையும் எருக்கும் சூடினான். தோட்டத்துப் பூவுக்கு இல்லாத பொருள் இவற்றுக்கு இருந்தது.

இன்றைய வழக்கு

கமுதி வட்டாரத்தில் பொங்கலையொட்டி வேப்பிலை, ஆவாரம்பூ, சிறுபீளை ஆகியவற்றைச் சேர்த்து வீட்டு நிலையில் காப்புக் கட்டுவர். சித்த மருத்துவத்தில் சிறுபீளை சிறுநீர்க்கல்லுக்குப் பயன்படுகிறது. ஆவாரம்பட்டை தோல் பதனிட உதவும்.

இடர்

19ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலம், இராமநாதபுரம் மாவட்டத் தரிசுகளிலும் கண்மாய்களிலும் பரவி, இச்செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வரப்பில் பறித்த காப்புப்பூவைச் சந்தையில் விலைக்கு வாங்கும் பிள்ளைகளுக்குப் பூ தெரியும், செடி தெரியாது. செடியை அடையாளம் காட்டப் பெரியவர்கள் இருக்கும்போதே மாணவர்கள் கேட்டறிவது நல்லது.