பூனை தானாகப் போன காலம்

மதுரையில் பழைய ஆட்களைக் கேட்டால், "பூனை வீட்டுல சாகாதுய்யா, நேரம் வந்துட்டா அதுவா எங்கயாச்சும் போயிரும்" என்பார்கள். பாதி உண்மை. உடம்பு முடியாத பூனை ஆளரவம் இல்லாத இருட்டைத் தேடும். பரண், மச்சு, பக்கத்து வீட்டு விறகுக் கொட்டகை என்று ஏதாவது அகப்படும். தட்டில் வைத்த சோறு நாலு நாள் அப்படியே கிடந்தால் வீட்டுக்காரர் புரிந்துகொள்வார். யாரும் எதையும் முடிவு செய்ய வேண்டியிருந்ததில்லை.

இன்றைய மதுரைக் காளவாசலில் அந்த வழி அடைபட்டுவிட்டது. தேனி ரோடும் பைபாஸும் சந்திக்கும் இடத்தைச் சுற்றி, பொன்மேனி, எஸ்.எஸ். காலனி, எல்லீஸ் நகர் என்று எங்கும் மாடி வீடுகள். 2020-ல் மேம்பாலம் திறந்தும் கீழே பஸ்ஸும் ஆட்டோவும் ஓய்வதில்லை. வெளியே விட்டால் வண்டியில் அடிபடும் என்று பயந்து பால்கனிக்கு வலை அடிக்கிறார்கள். அதனால் பூனைக்கு ஆயுசு கூடுகிறது. வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை பதினைந்து வயதைத் தொடுவது இப்போது அதிசயமில்லை. உலகச் சாதனை டெக்சாஸ் மாநிலத்தின் கிரீம் பஃப் என்ற பூனைக்கு: 1967-ல் பிறந்து, 2005-ல் 38 வயதில் இறந்தது. ஆயுசு நீண்டால் கிழத்தன்மையும் நோயும் நம் கண்முன்னேதான் நடக்கும். பூனை எப்போது போக வேண்டும் என்ற கேள்வியும் வீட்டுக்காரர் தலையில் வந்து விழுகிறது.

வயதான பூனைகளை அதிகம் சாய்ப்பவற்றில் முக்கியமானது சிறுநீரகக் கோளாறு. கடைகளில் விலைகொடுத்து வாங்கும் பெர்சியன் இனத்தில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டி வளரும் பரம்பரை நோயும் உண்டு. சிறுநீரகத்தின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போகும்வரை பூனை காட்டிக்கொள்ளாது. பிறகு தண்ணீரை ஓயாமல் குடிக்கும், மணல் தட்டு சீக்கிரம் நனையும். தடவினால் முதுகெலும்பு முள்முள்ளாகத் தட்டுப்படும். நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும் வழக்கத்தை விட்டுவிடும். வாயில் ஒரு மாதிரி மூத்திர வாடை. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் நோய் நான்காவது, அதாவது கடைசிக் கட்டத்தில் இருக்கிறது என்று பொருள்.

அதற்குப் பிறகு ஓடுவது டிரிப்ஸ் காலம். குளுக்கோஸ் பாட்டில் போல ஒன்றை ஜன்னல் கம்பியில் மாட்டி, பிடரித் தோலைக் கூடாரமாகத் தூக்கி, ஊசியை அதற்கடியில் செருகுகிறார்கள். நீர் வற்றிய உடம்பில் தூக்கிய தோல் உடனே இறங்காது, அப்படியே நிற்கும். ஏறிய நீர் ஒரு பக்கமாகப் பொங்கி, முன்னங்கால் பக்கம் தொங்கி, சில மணி நேரத்தில் வடியும். இது பூனையைத் தேற்றும், குணமாக்காது. வலி போகட்டும் என்று வீட்டில் கிடக்கும் பாராசிட்டமாலைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கவே கூடாது, அந்த மருந்தை உடைத்து வெளியேற்றும் வசதி பூனையின் கல்லீரலுக்குப் போதாது. ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும்.

ஜப்பானில் தோரு மியாசாகி என்ற ஆய்வாளர், சிறுநீரகக் குழாயில் தேங்கும் கழிவை அகற்ற உதவும் 'ஏஐஎம்' என்ற புரதம் பூனைகளிடம் சரியாக வேலை செய்வதில்லை என்று கண்டார். பணமில்லாமல் அவருடைய மருந்து ஆராய்ச்சி தடைபட்ட செய்தி 2021-ல் வெளியானதும், பூனை வளர்ப்பவர்கள் அனுப்பிய நன்கொடை 20 கோடி யென்னைத் தாண்டியது. நம் ஊரில் கையில் இருப்பது இன்னமும் அந்த ஜன்னல் கம்பிப் பாட்டில்தான்.

"இன்னும் எத்தனை நாளைக்கு டாக்டர்?" என்ற கேள்விக்கு எந்த மருத்துவரும் தேதி சொல்ல மாட்டார். அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஒரு கணக்கு வகுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாளைவிட நல்ல நாள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மார்க். மொத்தம் 35-க்கு மேல் இருந்தால் சமாளிக்கலாம். பிரியமான பூனைக்கு மார்க் போடுவது கொடுமையாகத் தோன்றும். ஆனால் தினமும் பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்குச் சரிவு தெரிவதில்லை. காலண்டரில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வைத்தாலே பலருக்கு விடை கிடைத்துவிடும்.

ஊசி போட்டு வேதனையை முடித்துவிடலாம் என்ற விடை கிடைத்தாலும் மனசு ஒப்பாது. "பூனைப் பாவம் பொல்லாதது, ஏழு ஜென்மத்துக்கும் விடாது" என்று வீட்டுப் பெரியவர்கள் குறுக்கே நிற்பார்கள். இதே வழக்கு 1928-ல் சபர்மதி ஆசிரமத்தில் நடந்திருக்கிறது. வேதனையில் துடித்த கன்றுக்குட்டி ஒன்று வலியில்லாமல் புரண்டுகூடப் படுக்க முடியாமல் கிடந்தது. பிழைக்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். உயிரைக் கொடுக்க முடியாதவனுக்கு எடுக்க உரிமையில்லை என்று ஆசிரமத்திலேயே எதிர்ப்பு வந்தது. காந்தி எல்லோரையும் கேட்டுவிட்டு, தம் கண்முன்னே ஊசி போடச் செய்தார். இரண்டு நிமிஷத்துக்குள் முடிந்தது. அகிம்சை பேசியவரா இப்படி என்று கோபக் கடிதங்கள் குவிந்தன. 'யங் இந்தியா'வில் அவர் விரிவாகப் பதில் எழுதினார். வேதனையை நீடிக்க விடுவதும் இம்சைதான் என்பது அவர் வாதம். காந்தி சொன்னதால் பாட்டிமார் சமாதானமாகிவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் இந்தக் குழப்பத்தில் தவிப்பவருக்குத் தாம் தனி ஆள் இல்லை என்றாவது தெரியும்.

அந்த ஊசிக்கு முடிவு செய்துவிட்டால், மருத்துவமனையில் நடப்பதை முன்கூட்டித் தெரிந்துகொள்வது நல்லது. முதலில் மயக்க ஊசி; மடியில் வைத்திருக்கும்போதே பூனை தளர்ந்துவிடும். பிறகு முன்னங்கால் முடியைச் சிரைத்து நரம்பைத் தேடுவார்கள். நீர் வற்றிய கிழப் பூனைக்கு நரம்பு கிடைக்கக் கொஞ்சம் நேரமாகலாம். மயக்க மருந்தை அளவுக்கு மேல் ஏற்றியதும் மூச்சும் இதயமும் நிற்கும். கண் மூடாது. இறந்த பிறகும் ஒரு மூச்சு இழுக்கலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இதைச் சொல்லாமல் விட்டால், "உசிரு இருக்கும்போதே தூக்கிட்டு வந்துட்டோமோ" என்று மாசக்கணக்கில் மருகுபவர்கள் உண்டு. குழந்தைகளிடம் "தூங்கிருச்சு" என்று சொல்லாமல், செத்துப்போச்சு என்றே சொல்லலாம். இல்லாவிட்டால் அவர்கள் ராத்திரி படுக்கவே பயப்படுவார்கள்.

அடுத்த சிக்கல் புதைக்க மண். அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் கோயில் காளை இறந்தால் ஊரே கூடும். மாலை, வேட்டி, கொட்டு, ஊர்வலம் என்று மனிதருக்குச் செய்யும் மரியாதை அத்தனையும் நடக்கும். பூனைக்கு அப்படி ஒரு முறை இல்லை. ஆபீசில் லீவு கேட்பவர்கூட, "வீட்டுல ஒருத்தருக்கு முடியல" என்றுதான் இழுப்பார். பெங்களூரு கெங்கேரியில் செல்லப்பிராணிகளுக்கு இடுகாடு உண்டு. இங்கே மாடி வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் சொந்தக்காரர் தோட்டத்தைத்தான் நம்ப வேண்டும். குழி மூன்று அடிக்குக் குறையக் கூடாது. ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும் என்பதால், நாய் தோண்டித் தின்றால் அதற்கும் ஆபத்து.

வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் புதைக்கும் முன் உடலை மோந்து பார்க்க விடலாம். சில பூனைகள் அறை அறையாகத் தேடிக் கத்தும், சாப்பாட்டைக் குறைக்கும். இரண்டு நாள் எதுவும் தின்னாமல் இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓட வேண்டும். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே மோசமாகிவிடும்.