நாரினால் வலுப்பெறும் பிளாஸ்டிக்

களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து சுவர் எழுப்பிய முன்னோர் கையாண்ட உபாயமே இன்று பிளாஸ்டிக்கிற்கும் வலுவூட்டுகின்றது. 1907ஆம் ஆண்டில் லியோ பேக்லண்ட் ஆக்கிய பேக்கலைற் தனித்து நிற்பின் எளிதில் நொறுங்கும். மரத்தூள் கலந்தபோது அடி தாங்கியது. தூள் விறைப்பைக் கூட்டும். இழுவிசையைத் தாங்குவதிற் சிறந்தது நாரே. படகின் உடலிற் கண்ணாடி நார் சுமையை ஏற்கின்றது. பிசின் அச்சுமையை நாருக்கு நார் பகிர்ந்தளிக்கின்றது. ஓரிடத்தில் தோன்றும் வெடிப்பு, குறுக்கே கிடக்கும் நாரிற் பட்டுத் தடைப்படுகின்றது. ஆயின், பிசின் தோய்க்கும்போது காற்றுக்குமிழி தங்கினால் அவ்விடத்திற் பிணைப்பு இல்லை. காலப்போக்கில் நீர் புகுந்து படைகளைப் பிரித்துவிடும். நடுக்கடலில் மீனவனின் உயிர் நிற்பது நாரின் வலிமையில் மட்டுமன்று. அதனைப் பிசினோடு இணைத்த கையின் கவனத்திலுமாகும்.